நாற்பத்தொரு சிவப்பு

திங்கட்கிழமை காலை எங்கள் முதலாளி லாசரஸ் சார் என் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்து, "நம்ம சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்கு ஹெப்சி. அந்த லேடிதான் கோட்டை விட்டிருக்காங்க" என்றார். முகமெல்லாம் பல். ஒருத்தியின் வேலை போகப்போகிற செய்தியைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டுகிறாரே என்று அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் அவர்மேல் வருவதைவிட என்மேல்தான் அதிகம் கோபம் வருகிறது.

கடிதம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது. பைக்குகளுக்கு பிரேக் லீவர் செய்கிற இடம். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் பதினோரு பேர் உட்கார்ந்து வேலை செய்கிற சின்ன நிறுவனம். தொழிற்சாலைகளுக்குக் கேமரா மாட்டி, செய்த பொருளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த லீவர் லைனில் மாட்டியதும் நாங்கள்தான். பெல்ட்டில் லீவர் வரும், கேமரா படம் எடுக்கும், விரிசல் இருந்தால் திரையில் சிவப்பாக ரிஜெக்ட் என்று எழுதும், பக்கத்திலிருந்து ஒரு தகடு வந்து அந்த லீவரைச் சிவப்புக் கூடையில் தள்ளிவிடும். தகடு எப்போதாவது தவறவிட்டால் லைனை நிறுத்தத் திரை முன்னால் ஒரு ஆள் நிற்பார். அவ்வளவுதான் சங்கதி.

இப்போது அங்கிருந்து போன லீவர்களில் நாற்பத்தொன்று விரிசலோடு இருப்பதாக வாங்கினவர்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திரையில் வருவதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும். அதில் பார்த்தால் அந்த நாற்பத்தொன்றுக்கும் சிவப்பு வந்திருக்கிறது. அப்படியென்றால் திரை முன்னால் நிற்கிற ஆள் பார்த்தும் சும்மா விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஆளின் பெயர் அருள்மேரி. ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, குற்றம் உறுதியானால் அன்றைக்கே வேலை நீக்கம். அதற்கு ஆதாரமாக, அந்தப் பதிவை எங்கள் நிறுவனம் சான்றோடு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நான் போட்டேன். பதிவைத் திறந்தேன், நாற்பத்தொரு சிவப்பையும் எண்ணினேன், "மேற்கண்ட விவரங்கள் உண்மை" என்று தட்டச்சு செய்து, ஹெப்சி காலேப், மூத்த மென்பொருள் பொறியாளர் என்று கையெழுத்திட்டேன். கையெழுத்துப் போடும்போதே எனக்கு அந்த அருள்மேரிமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிரேக் லீவர். உடைந்தால் பைக்கில் போகிறவன் போய்ச் சேர்ந்துவிடுவான். நாற்பத்தொரு தடவை கண்ணெதிரே சிவப்பாகக் கத்தியிருக்கிறது, அந்தம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. அதை நான் நேர்மை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள். எங்கள் சபையில், அப்பார்ட்மெண்டில், அலுவலகத்தில் எல்லாரும் "ஹெப்சி பட்டுன்னு பேசிடும், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்காது" என்பார்கள். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சான்றின் அசலில் தொழிற்சாலை முத்திரை வேண்டும் என்று புதன்கிழமை நேரிலேயே வரச் சொன்னார்கள். செங்கல்பட்டு ரயிலில் போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலுக்கு உள்ளே டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நீல நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். விசாரணை முடிகிறவரை வேலையும் கிடையாது, வீட்டுக்கும் போகக்கூடாது, காலையில் வந்து கைரேகை வைத்துவிட்டு மாலைவரை அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும். வாட்ச்மேன்தான் சொன்னார், அதுதான் அருள்மேரி என்று.

பேசாமல் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அக்கா, அது பிரேக் லீவர்க்கா. நாப்பத்தொரு தடவை ஸ்கிரீன்ல சிவப்பா காட்டியிருக்கு. கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" என்று நின்ற இடத்திலேயே கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு மேடம்?"

"அந்த சிஸ்டம் பண்ணவங்க."

"கண்ணு ஸ்கிரீன்லதான் இருந்துச்சு மேடம். கைதான் உள்ள போவல. கண்ணாடி போட்டு மூடிட்டாங்க இல்ல."

"கை எதுக்கு உள்ள போகணும்? அதுதான் தானா தள்ளிவிடுமே."

"எது தள்ளும்?"

"ரிஜெக்ட் வந்தா பக்கத்துல இருந்து ஒரு தகடு வந்து தள்ளும்ல அக்கா? சிவப்புக் கூடைக்கு?"

"அந்தத் தகடா? அது இன்னாத்துக்குக் கீதுன்னே எனக்குத் தெரியாது மேடம். ரெண்டு வருசத்துல அது அசைஞ்சு நான் பாத்ததே இல்ல. செவப்பு வந்துச்சுன்னா நான்தான் கையால எடுத்துக் கூடையில போட்டுகினு இருந்தேன்."

இரண்டு வருடம். ஒவ்வொரு மாதமும் சிவப்புக் கூடையில் இருக்கும் லீவர்களின் எண்ணிக்கையும் திரை சொல்லும் எண்ணிக்கையும் ஒன்று பிசகாமல் ஒத்துப்போகும். அதைப் படம் போட்டுப் புதிதாக வரும் தொழிற்சாலைகளிடமெல்லாம் காட்டி ஆர்டர் பிடித்தவர்கள் நாங்கள். எங்கள் சிஸ்டத்தின் துல்லியம் என்று மேடைபோட்டுப் பேசியதெல்லாம் இந்தம்மாவின் கை.

கண்ணாடி பதினெட்டு நாளுக்கு முன்னால் போட்டது. ஆடிட் வருகிறது, மனிதக் கை படாத சோதனை என்று காட்ட வேண்டும் என்று பெல்ட்டின் மேல் மூடிவிட்டார்கள். முதல் நாளே சிவப்பு வந்த லீவர் நல்ல கூடைக்குப் போவதை அருள்மேரி பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்த நிறுத்து பட்டனை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்.

"சூப்பர்வைசர் வந்து ஏசினாரு. லைன் நின்னா மேல நீ பதில் சொல்றியான்னாரு. பீசு இந்தப் பக்கம் போவுது சார்னு சொன்னேன். சிஸ்டம் பாத்துக்கும், உனக்கு இன்னா தெரியும், கண்ணாடியத் தொடாதன்னுட்டாரு. மறுக்கா அமுத்தினா கான்ட்ராக்ட்ல சொல்லிடுவேன்னாரு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் முத்திரையை மறந்துவிட்டு நேராக லைனுக்குப் போனேன். கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் நின்றேன். ஒரு லீவர் வந்தது, கேமரா மின்னியது, திரையில் கொட்டை எழுத்தில் சிவப்பாக ரிஜெக்ட் என்று வந்தது. தகடு அசையவில்லை. லீவர் ஊர்ந்துபோய் நல்ல கூடையில் டணங்கென்று விழுந்தது. சுவரில் ஒரு அட்டையில் இந்த மாத ரிஜெக்ட் பூஜ்ஜியம் என்று பச்சை மையில் எழுதி, கைதட்டுகிற பொம்மை ஒன்று வரைந்து வைத்திருந்தார்கள். சிவப்புக் கூடை காலியாக இருந்தால் விரிசலே இல்லை என்று அர்த்தமாம். திரையில் இருக்கிற எண்ணை ஒருத்தர், ஒரே ஒருத்தர், கூடையோடு ஒப்பிட்டிருந்தால் போதும்.

பட்டனை ஓங்கி அழுத்தினேன். லைன் நின்றது. "எவ அவ லைன நிறுத்தினது?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும், "மேடமா, சொல்லுங்க மேடம்" என்று குழைந்தார். நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கண்ணாடியைக் கழற்று, கையால் எடுக்கச் சொல், இனி ஒரு லீவர் தப்பிப் போனால் நீதான் பொறுப்பு என்றேன். ஐந்து நிமிடத்தில் ஸ்பானரோடு ஆள் வந்து கழற்றினார்கள். அது என் திறமை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"அப்போ அருள்மேரி மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிருச்சுல்ல? விசாரணைய நிறுத்துங்க" என்றேன்.

"அது வேற, இது வேற மேடம். ஆபீஸ்ல இருந்து நோட்டீசு குடுத்தாச்சு. உங்க சர்டிபிகேட்டும் மெயில்ல வந்துடுச்சே" என்று தலையைச் சொறிந்தார்.

மதியம் தாம்பரம் வந்து சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தப் புரோகிராமைத் திறந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்து விரிசலைச் சோதிக்கிற ஃபங்ஷனின் கடைசி வரியில் ரிட்டர்ன் இருக்க வேண்டிய இடத்தில் பிரிண்ட் இருந்தது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபங்ஷன் என்பது ஒரு வேலையை ஒப்படைக்கப்பட்ட ஆள். முடிவு என்ன என்று கேட்டவரிடம் கொடுத்தால் அது ரிட்டர்ன். திரையில் எழுதிவிட்டுப் போனால் அது பிரிண்ட். அடுப்படியிலிருந்து நான் குழம்பைக் கரண்டியில் கொடுத்து உப்பு சரியா பாருங்கள் என்றால், என் வீட்டுக்காரர் காலேப் அதை ருசித்துக்கொண்டே ஹாலுக்குப் போய் டி.வி.யைப் பார்த்து "உப்பு ஜாஸ்தி" என்பார். ஹாலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், குழம்பு வைக்கிற எனக்குத் தெரியாது. இங்கே தகட்டை இயக்குகிற பகுதி, ரிஜெக்டா என்று அந்த ஃபங்ஷனைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ஃபங்ஷன் திரையில் சிவப்பாக எழுதிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. கையில் ரிஜெக்ட் என்று எதுவும் வராததால் தகடு சும்மா இருக்கிறது. கல்லூரி முதல் வருடத்துப் பிள்ளைகள் செய்கிற தப்பு.

அந்தப் புரோகிராமை இப்போது பார்த்துக்கொள்வது கதிரேசன். அவர் மேசைக்குப் போய் நின்றேன். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரிட்டர்னுக்கும் பிரிண்டுக்கும் வித்தியாசம் தெரியாம நீயெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வந்த? ஒரு பொம்பள வேலை போகப்போகுது உன்னால. பிரேக் லீவர்டா அது! எவனாவது செத்திருந்தா?" இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவருக்கு முப்பது வயது, கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. அதையெல்லாம் நான் பார்க்கவில்லை.

கதிரேசன் விசைப்பலகையை இழுத்தார். அந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. பகல் 12.40. பெயர், ஹெப்சி.

"நான் அப்போ இந்த கம்பெனியில சேரவே இல்ல மேடம்" என்றார்.

நினைவு வந்துவிட்டது. சோதனை ஓட்டத்தைப் பார்க்கத் தொழிற்சாலை இயக்குநர்கள் வந்திருந்த நாள். அதுவரை அந்த வரி சரியாகத்தான் இருந்தது. தகட்டுக்கு முடிவு போய்க்கொண்டிருந்தது. லாசரஸ் சார் என் காதுக்குள் வந்து, "திரையில ஒண்ணுமே தெரியலையேம்மா. வந்தவங்களுக்கு என்ன புரியும்? பெரிசா, சிவப்பா ஏதாவது வரணும்" என்று பறந்தார். நின்றுகொண்டே மடிக்கணினியைத் திறந்து, ரிட்டர்ன் என்ற சொல்லை அழித்து அதே இடத்தில் பிரிண்ட் என்று அடித்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ரிட்டர்னைத் தனி வரியாகச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிரியாணி சாப்பிட்டோம், புகைப்படம் எடுத்தோம், சேர்க்கவில்லை. தகட்டைத் தனியாகப் பட்டன் அழுத்திப் பார்த்தார்கள், அது அசைந்தது, டிக் போட்டார்கள். சிவப்பு எழுத்து வந்தபோது எல்லாரும் திரையைப் பார்த்துக் கைதட்டினோம். அந்த நேரத்தில் பெல்ட்டில் இருந்த லீவரை ஒரு கை எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறது. அதை நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

அதே எட்டுப் பேர் முன்னால் கதிரேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பரவாயில்லை என்று அவர் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை லாசரஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சரி. ஃபிக்ஸ் பண்ணிடு. அமைதியா ஒரு அப்டேட் போட்டுடு. விசாரணைக்கு நீ போக வேண்டாம், நாளைக்கு லீவ் எடுத்துக்கோ."

"அந்தம்மா வேலை சார்?"

"நாம குடுத்த சர்டிபிகேட்ல பொய் ஒண்ணும் இல்லையே ஹெப்சி. திரையில சிவப்பு வந்துச்சா? வந்துச்சு. அதைத்தானே எழுதியிருக்கோம்? மீதி அவங்க உள் விவகாரம். அடுத்த மாசம் மூணு லைனுக்கு ஆர்டர் பேசிக்கிட்டு இருக்கோம், மறந்துடாத. பதினோரு குடும்பம் இருக்கும்மா." கொஞ்சம் நிறுத்தி, "அந்த சகோதரிக்காக நாம ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஜெபத்துக்கு நான் எதிரி இல்லை, தினமும் முழங்காலில் நிற்கிறவள்தான். ஆனால் எழுந்துபோய்ச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுக்கிறார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. "உங்க ஜெபத்த நீங்களே வெச்சுக்கோங்க சார். நான் போவேன். வேலைய விட்டு எடுக்கறதுனா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே போய்விட்டேன். விசாரணை, தொழிற்சாலை மேனேஜர் குப்புராஜின் அறையில். அவர், சூப்பர்வைசர், கான்ட்ராக்டர் தரப்பில் ஒருவர். எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. அருள்மேரி கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"சர்டிபிகேட் கைக்கு வந்துடுச்சுன்னா அஞ்சு நிமிஷ வேலை மேடம்" என்றார் குப்புராஜ்.

"சர்டிபிகேட் செல்லாது. எல்லாரும் என்கூட லைனுக்கு வாங்க" என்று எழுந்தேன்.

திருத்தத்தை நான் வேண்டுமென்றே இன்னும் போடவில்லை. திருப்பி வந்த விரிசல் லீவர்களில் ஒன்றை எடுத்து பெல்ட்டில் வைத்தேன். "யாரும் ஸ்கிரீனப் பாக்காதீங்க. கூடையப் பாருங்க" என்றேன். அப்படியும் குப்புராஜ் திரையைத்தான் பார்த்தார். சிவப்பு வந்தது. லீவர் நல்ல கூடையில் விழுந்தது. இரண்டாவது வைத்தேன். மூன்றாவது வைத்தேன். மூன்றும் நல்ல கூடை. சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மடிக்கணினியில் ஒரு வரி சேர்த்து, நாலாவதை வைத்தேன். சிவப்பு வந்தது, தகடு சடாரென்று வந்து லீவரைத் தள்ளியது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. அருள்மேரி அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரோகிராம்ல ஒரு வரி விடுபட்டுப் போயிருக்கு. அதுதான் காரணம். இவங்க பேர்ல தப்பே இல்லை. முதல் நாளே சொல்லியிருக்காங்க, நீங்க யாரும் காது குடுக்கல. இவங்கள கேட் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?" லைனில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"நோட் பண்ணிக்கிறோம் மேடம், நோட் பண்ணிக்கிறோம்" என்று குப்புராஜ் என்னை அறைக்குத் திருப்பி அழைத்துப் போனார். பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் தயாராகி அருள்மேரி கைக்கு வந்தது. "நல்லபடியா முடிஞ்சுதும்மா. போயி வேலையப் பாரு" என்றார்.

அருள்மேரி போகவில்லை. நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கடிதத்தை மேசைமேல் திருப்பி வைத்தார்.

"மனிதாபிமான அடிப்படையில மன்னிக்கப்படுகிறதுன்னு போட்டுகீது சார். நான் இன்னா பண்ணேன்னு மன்னிக்கறீங்க?"

"அது ஒரு ஃபார்மட்டும்மா. வேலை போகல இல்ல? வாங்கிக்கோ."

"இனி கவனமாக இருக்க எச்சரிக்கப்படுகிறார்னும் போட்டுகீது."

"ஏம்மா, பெரிசு பண்ணாத. சிஸ்டம்ல ஏதோ விட்டுப்போச்சுன்னு மேடமே சொல்லிட்டாங்க."

அருள்மேரி என் பக்கம் திரும்பினார். "தானா எப்படி மேடம் விட்டுப்போவும்? யாரோ எழுதினதுதானே? எழுதினவங்களுக்குப் பேரு இருக்கும் இல்ல? என் பேரப் போட்டு, வேலை ஒழுங்கீனம்னு எழுதி, எங்க பங்குக் கோயில்ல கீறவங்க வரைக்கும் தெரிஞ்சு போச்சு. எனக்கு மட்டும்தான் பேரா?"

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். அவ்வளவு கத்தியிருக்கிறேன், லாசரஸ் சாரை, சூப்பர்வைசரை, மேனேஜரை, ஒரு பாவமும் அறியாத கதிரேசனை. இந்த அறையில் வந்து, வரி விடுபட்டுப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். மழைக்குச் சுவர் விழுந்த மாதிரி. மாற்றியது நான் என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. சொல்லக்கூடாது என்று திட்டம் போட்டுக்கொண்டு நான் வரவில்லை, அதனால் ஒன்றும் பெருமையில்லை. என் வாய் தானாகவே நான் தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தது.

குப்புராஜின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தேன். எழுதினேன்.

"இந்தச் சோதனைப் புரோகிராமில், முடிவைத் திருப்பித் தர வேண்டிய வரியை இரண்டு வருடங்களுக்கு முன் மாற்றியவள் நான். அன்றிலிருந்து இயந்திரம் ஒரு லீவரையும் தள்ளவில்லை. விரிசல் விட்ட ஒவ்வொன்றையும் அருள்மேரி தன் கையால் எடுத்துப் போட்டிருக்கிறார். கண்ணாடி போட்டபின் அவரால் எடுக்க முடியவில்லை, அதை முதல் நாளே தெரிவித்திருக்கிறார். திங்கட்கிழமை நான் கொடுத்த சான்று தவறு. குற்றம் என்னுடையது. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை."

பெயர், தேதி, கையெழுத்து. வேலை நிச்சயம் போகும் என்று தெரியும். தாளை அருள்மேரியிடமே கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் குப்புராஜிடம் நீட்டினார். "இத வெச்சிகினு புதுசா எழுதுங்க சார். குற்றம் இல்லன்னு எழுதுங்க. எனக்கு ரெண்டுமே ஜெராக்ஸ் வேணும்."

குப்புராஜ் மென்று விழுங்கினார். கான்ட்ராக்டர் ஆளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் எழுதினார். குற்றச்சாட்டு தவறானது, திரும்பப் பெறப்படுகிறது என்று இரண்டு வரி. அதற்கு இருபது நிமிடம் ஆனது.

வெளியே வராந்தாவில் அவர் பின்னாலேயே போனேன். "அக்கா, என்ன மன்னிச்சிருங்கக்கா. நான் வேணும்னு பண்ணல."

அவர் நின்றார். "முந்தாநாளு நீங்க பட்டன அமுத்தி லைன நிறுத்தினீங்க இல்ல மேடம்?"

"ஆமாக்கா."

"நீங்க கத்தினது கேட் வரைக்கும் கேட்டுச்சு. அஞ்சு நிமிசத்துல கண்ணாடியக் கழட்டிட்டாங்க. நானும் அதே பட்டனத்தான் அமுத்தினேன். ரெண்டு வாட்டி. கத்தக்கூட இல்ல, மெதுவா சார்னு கூப்ட்டுதான் சொன்னேன்."

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க கத்தினீங்கன்னா நேர்மையான மேடம்னு சேர் போட்டு டீ குடுக்கறாங்க. நான் கத்தியிருந்தா அன்னிக்கே என்ன வெளிய தள்ளியிருப்பாங்க. எனக்கும் கோவம் வரும் மேடம். உங்களவிட ஜாஸ்தியாவே வரும். ஒம்போது வருசமா அத வூட்டுக்கு எடுத்துகினு போயி பாத்திரத்து மேல காட்டிகினு கீறேன். இந்த வாரம் பூரா ஸ்டூல்ல உக்காந்து பல்லக் கடிச்சிகினு இருந்தேன். இப்ப மன்னிப்பு வேற நான் குடுக்கணுமா உங்களுக்கு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. இரண்டு ஜெராக்ஸையும் நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீலச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டபடி லைனுக்குப் போனார். ஷிஃப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.